கேட்டீர்களா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். ஒரு கோளாறு இருக்கிறது. அதை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால், அது இருப்பது இப்போதைக்கு உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்குப் பொறுப்பு யார்?

'உண்டாக்கினவன்தான் பொறுப்பு, இதில் என்ன சந்தேகம்?' என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இதை யோசிக்கப் பெரிய தத்துவப் புத்தகமெல்லாம் வேண்டாம். வாசலில் நிற்கிற கார் போதும். இன்னும் சரியாகச் சொன்னால், அதன் பிரேக் போதும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். முதலில் காலை வேளைகளில் மட்டும் மெல்லிசாக ஒரு 'கீச்'. 'ராத்திரி மழை பெஞ்சுதே, அதான்' என்று ஒரு சமாதானம். அடுத்த வாரம் சிக்னலுக்கு சிக்னல் 'கீச்'. 'அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 2,000 கிலோமீட்டர் இருக்கே, அப்போ பார்த்துக்கலாம்.' பக்கத்து சீட்டிலிருந்து, 'என்னங்க, ஏதோ சத்தம் வருதே?' என்று ஒரு குரல் வந்தால், 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்று பதில். கண்ணாடி ஏறுகிறது. ஏ.சி. ஓடுகிறது. எஃப்.எம். கொஞ்சம் சத்தமாகிறது. ஆச்சு... 'கீச்' காணாமல் போய்விட்டது!

ஒரு மாதம் கழித்து, எஃப்.எம்-மையும் மீறிக்கொண்டு 'கர்ர்ர்' என்று வரும். மாவு மெஷினில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி. அப்போதுதான் வண்டி மெக்கானிக்கிடம் போகும். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 'ஏன் சார், முன்னாடியே வரக் கூடாதா?' என்பார்.

இந்தக் 'கீச்'சுக்கும் 'கர்ர்'ருக்கும் நடுவே ஒரு பெரிய நியாய விசாரணையே இருக்கிறது. அதைப் பார்க்கும் முன்னால், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

இப்போதைய கார்களில் முன் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஓர் இரும்புத் தட்டு இருக்கிறது. டிஸ்க் என்கிறோம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பிரேக் பேடு. நீங்கள் காலை அழுத்தினால், சுற்றுகிற தட்டை இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கிற மாதிரி அவை பிடிக்கும். ஓடுகிற வண்டியின் வேகம் முழுவதும் அந்த உரசலில் சூடாக மாறும். எவ்வளவு சூடு தெரியுமா? 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், அதில் வெளிவரும் சூட்டை வைத்து சுமார் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இரண்டு பேருக்கு டீ போடலாம்! வேகம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இந்த உஷ்ணத்தையெல்லாம் தாங்குவது உள்ளங்கை அகலமே இருக்கிற சில துண்டுகள்.

புது பேடில் உரசுகிற பகுதி சாதாரணமாக 10, 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. தேய்ந்து தேய்ந்து 2, 3 மில்லிமீட்டர் மிஞ்சும்போது, பல பேடுகளில் ஓரமாகப் பொருத்தியிருக்கும் சின்ன உலோக நாக்கு ஒன்று டிஸ்கைத் தொடும். அப்போது வருவதுதான் அந்தக் 'கீச்'. ஆக, அது கோளாறு இல்லை. செய்தி. யாரோ ஓர் இன்ஜினீயர் உட்கார்ந்து யோசித்து, காதுக்கு நாராசமாக இருக்க வேண்டும் என்றே அதை அமைத்திருக்கிறார். 'நேரம் வந்துவிட்டது, மாற்றிவிடு' என்று அது கத்துகிறது. கேட்காமல் விட்டால் மிச்சமிருப்பதும் தேய்ந்து, பேடைத் தாங்கும் இரும்புத் தகடு நேராக டிஸ்கை உரசும். இரும்பும் இரும்பும். 'கர்ர்ர்.' பேடு மாற்றுவதோடு போயிருக்க வேண்டிய செலவில் டிஸ்கும் சேர்ந்துகொள்ளும். அது பணக் கணக்கு. அதைவிட முக்கியம், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது என்பது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சத்தமும் ஆபத்து இல்லை. மழையில் நனைந்து நின்ற வண்டியில் டிஸ்கின் மேல் மெல்லிய துரு படியும். முதல் நான்கைந்து பிரேக்கில் அது உரசிப் போய்விடும். 2020 ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளை மறுபடி எடுத்தபோது, நிறைய பேர் இந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டிருப்பார்கள். சில சமயம் ஒரு சின்னக் கல், டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு வண்டியே உடைந்துவிட்ட மாதிரி அலறும். கல்லை எடுத்தால் கப்சிப். ஆனால், இது துருவா, கல்லா, தேய்மானமா என்று காரின் உள்ளே உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. சக்கரத்தருகே குனிந்து பார்த்தால்தான் தெரியும். 'ஒண்ணுமில்லம்மா' என்பவர் குனிந்து பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

இப்போது விசாரணைக்கு வருவோம்.

சத்தம் வந்துவிட்டது. பேடு போய்விட்டது. அதுவும் சீக்கிரமே போய்விட்டது. உங்கள் நண்பருக்கு 50,000 கிலோமீட்டர் தாங்கிய பேடு, உங்களுக்கு 18,000-லேயே தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோபம் வருமா வராதா? சர்வீஸ் சென்டரில் சண்டை போடுகிறீர்கள்.

'இது வேர் அண்ட் டேர் ஐட்டம் சார், வாரண்டியில வராது.'

'அதெப்படிங்க? ஒண்ணரை வருஷம்தானே ஆச்சு?'

'நீங்க ஓட்டுற விதம் சார். பிரேக்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க போல.'

வெளியே வந்து தெருவோர மெக்கானிக்கிடம் கேட்டால், 'கம்பெனி இப்பல்லாம் பேடையே மட்டமா போடுறான் சார்' என்பார். மறுபடி கம்பெனிக்குப் போனால், 'வெளியில கை வெச்சிருக்காங்க சார், அதான் பிரச்னை' என்பார்கள். ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவரைக் கேட்டால், 'ஊரு டிராஃபிக் அப்படி சார்' என்று முடித்துவிடுவார். ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

ஓட்டுகிற விதம் உண்மைதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகளையும், இன்ஜினின் பிடியில் கீழ் கியரில் இறங்குகிறவரும் உண்டு. உச்சியிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவரும் உண்டு. இரண்டாமவருக்கு அடிவாரம் வருவதற்குள் கருகிய வாசனை வரும். பேடின் ஆயுளில் பெரும் பகுதி அந்த ஒரு மலையிலேயே போயிருக்கும். ஊர் டிராஃபிக்கும் உண்மைதான். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் போகிற வண்டி நான்கு முறை பிரேக் பிடித்தால், அண்ணா சாலையில் 10 கிலோமீட்டர் போகிற வண்டி நாற்பது முறை பிடிக்கும். மெக்கானிக் மேல் தப்பும் இருக்கலாம். பேடைத் தாங்குகிற காலிபரின் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் விட்டால், அது சிக்கிக்கொண்டு, நீங்கள் காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்கை விடாது. ஒரு பக்க பேடு முழுசாகவும், மறு பக்கம் காகிதமாகவும் தேய்ந்திருக்கும்.

கம்பெனி மேலும் தப்பு இருக்கலாம். 2008 முதல் 2010 வரையிலான மாடல் ஹோண்டா அக்கார்டு கார்களில் பின் சக்கர பேடுகள் அநியாயத்துக்குச் சீக்கிரம் தேய்கின்றன என்று அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2010-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. பேடு மாற்றிய செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 'நீங்க ஓட்டுற விதம் சார்' என்ற பதில் எல்லா நேரத்திலும் கடைசிப் பதில் இல்லை. அதனால் சண்டை போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். பில்லை வைத்துக்கொள்ளுங்கள், பழைய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள். அது உங்கள் உரிமை.

ஆனால், சண்டை நடக்கிற அந்தப் பதினைந்து நாளும் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது? ஓடிக்கொண்டிருந்தது!

இங்கேதான் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிப்போகிறது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். குற்றம் என்பது நேற்றைப் பார்க்கிற சொல். யார் செய்தது, எவ்வளவு செய்தது என்று கணக்குப் பார்க்கலாம். கம்பெனிக்கு நாலணா, மெக்கானிக்குக்கு நாலணா, டிராஃபிக்குக்கு நாலணா, ஓட்டுகிறவருக்கு நாலணா என்று பங்கும் போடலாம். பொறுப்பு என்பது நாளையைப் பார்க்கிற சொல். 'பொறு' என்றால் தாங்கு, சும என்றுதானே அர்த்தம்? நாளைக் காலை எட்டரை மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் இந்த வண்டி நின்றாக வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்கிற குழந்தைக்கு உங்கள் நாலணாக் கணக்கு எதற்கு? அதற்குத் தேவை, வண்டி நிற்பது. அந்த நேரத்தில் கம்பெனி அங்கே இல்லை. மெக்கானிக் இல்லை. உங்கள் கால் மட்டும்தான் இருக்கிறது.

'சரி, ஆனா எனக்குத் தெரியாதே! அது சாதாரணச் சத்தம்னு நினைச்சேன். மனசாரத்தான் நினைச்சேன்' என்று ஒருவர் சொன்னால்?

இந்தக் கேள்வியை ஒருவர் கச்சிதமாக எடுத்து அலசியிருக்கிறார். வில்லியம் கிளிஃபர்ட் என்கிற இங்கிலாந்துக் கணித மேதை. 33 வயதிலேயே, 1879-ல் இறந்துபோனவர். அவர் 1877-ல் எழுதிய 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியின் கதை வருகிறது. கப்பல் பழசு. கட்டியதும் அவ்வளவு சரியில்லை. அடிக்கடி ரிப்பேர். இந்த முறை கடல் தாங்குமா என்று முதலாளிக்கே உள்ளூரச் சந்தேகம். பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குக் குடும்பத்தோடு போகிற ஜனங்கள் அதில் ஏறப்போகிறார்கள். நன்றாகப் பரிசோதித்துப் பழுது பார்த்தால் பெரிய செலவாகும். முதலாளி என்ன செய்தார்? தன் சந்தேகத்தோடு பேச்சுவார்த்தை நடத்தினார். 'இத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, இந்த முறையும் வந்துவிடும். கட்டியவர்களைச் சந்தேகப்படுவது மரியாதையில்லை. ஆண்டவன் இந்த ஏழைகளைக் கைவிடுவானா?' இப்படிப் பேசிப் பேசி, கடைசியில் கப்பல் நன்றாக இருக்கிறது என்று உண்மையாகவே நம்பிவிட்டார். லேசான மனதோடு வழியனுப்பி வைத்தார். நடுக்கடலில் கப்பல் மூழ்கியது. அவர் சத்தமில்லாமல் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. மனசார நம்பினார். ஆனாலும் அந்தச் சாவுகளுக்கு அவர்தான் பொறுப்பு என்கிறார் கிளிஃபர்ட். ஏனென்றால், கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. சந்தேகத்தைச் சோதித்துப் போக்கவில்லை, அமுக்கிப் போக்கினார். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேட்கிறார்: கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததால் செய்தது சரியாகிவிடாது. இது சும்மா கற்பனைக்கு எழுதியதும் இல்லை. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய ஓட்டைக் கப்பல்களைக் கடலுக்கு அனுப்புவது அன்றைய பிரிட்டனில் பெரிய விவகாரம். சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. போராடி, கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு போட வேண்டும் என்று சட்டம் வந்தது 1876-ல். கிளிஃபர்ட் எழுதுவதற்கு முந்தைய வருடம்.

முதலாளியின் மூன்று சமாதானங்களையும் நம்முடைய காரில் ஏற்றிப் பாருங்கள். 'இத்தனை நாள் நின்ன வண்டி இன்னைக்கு நிக்காதா?' 'கம்பெனி வண்டிங்க, அப்படியெல்லாம் ஆகாது.' டாஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையார், 'அவர் பார்த்துப்பார்.' எஃப்.எம்-மின் சத்தத்தைக் கூட்டுகிற விரல், அந்த முதலாளியின் விரல்தான்.

'இதெல்லாம் தத்துவம் சார், நடைமுறை வேற' என்பீர்கள். சட்டத்தைப் பாருங்கள். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தான கோளாறோடு வண்டி ஓட்டுவதைப் பற்றியது. கோளாறு தெரிந்தே ஓட்டினால் குற்றம் என்று மட்டும் அது சொல்லவில்லை. சாதாரணமான கவனம் வைத்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய கோளாறு என்றாலும் குற்றம்தான் என்கிறது. ஓட்டினவர் மட்டுமில்லை, ஓட்டச் சொன்னவர், ஓட்ட விட்டவர் எல்லோரும் அதில் அடக்கம். 'எனக்குத் தெரியாது' என்பதற்கும், 'தெரிந்துகொள்ளவில்லை' என்பதற்கும் நடுவே சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது.

1969-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சரிவில் இறங்கிய ஒரு லாரியின் பிரேக் ஆயில் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, பிரேக் பிடிக்காமல், ஒரு மனிதர் மேல் மோதி அவர் இறந்துபோனார். துரு இருந்தது, குழாயைக் கழற்றினால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 'வழக்கமாகப் பார்க்கிறபடி பார்த்தோம், தெரியவில்லை' என்றது லாரிக் கம்பெனி. நியாயமான வாதம்தானே? ஆனால், பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. அந்த லாரி இத்தனை வருடம் என்னென்ன சுமந்தது, எங்கெங்கே போனது, துருப்பிடிக்கிற மாதிரி எதிலாவது அடிபட்டதா என்பதெல்லாம் உரிமையாளருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் 'தெரியாது' என்று மட்டும் சொல்ல முடியாது என்றார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 1977-ல் ஒரு லாரி விபத்து வழக்கில் இதே வழியில் போனது. இயந்திரக் கோளாறு என்று தப்பிக்க வேண்டுமானால், அது நியாயமான கவனத்துக்கும் புலப்படாத கோளாறு என்பதை உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும்.

இதன் சாரம் என்ன? பொறுப்பு, கோளாறை உண்டாக்கியவரைத் தேடிப் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள வசதியான இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவர் மடியில் வந்து உட்காருகிறது.

இங்கே நீங்கள் ஒரு எதிர்க்கேள்வி போடலாம். போட வேண்டும். 'சத்தம் கேட்கிறவர் எப்போதும் முதலாளியாகவே இருப்பாரா?' கால் டாக்ஸி ஓட்டுகிற தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி அவருடையது இல்லை. தினம் பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவர் அவர்தான்.

'அண்ணே, முன்னாடி பேடு போச்சுண்ணே. கர்ருங்குது.'

'இந்த வாரம் ஓட்டு தம்பி. மாசம் பொறந்ததும் மாத்திடலாம்.'

அவர் என்ன செய்வார்? வண்டியை எடுக்க மாட்டேன் என்றால் அன்றைய அடுப்பு எரியாது. இவர் தலையில் போய்ப் பொறுப்பைக் கட்டுவது நியாயமா?

முழுசாகக் கட்டுவது நியாயமில்லை. அவர் செய்ததைக் கவனியுங்கள். கேட்டதை எடுத்துப்போய், மாற்ற முடிகிறவர் காதில் போட்டார். போட்ட அந்த நொடியே அண்ணனும் கேட்டவராகிவிட்டார். 'மாசம் பொறக்கட்டும்' என்ற வார்த்தையோடு பாரத்தின் பெரிய பங்கு அவர் தலைக்கு ஏறிவிட்டது. சட்டத்தில் வருகிற 'ஓட்ட விட்டவர்' இவர்தான். தம்பிக்கு மிச்சமே இல்லையா என்றால், இருக்கிறது; மிதிக்கிற கால் அவருடையது. ஆனால், சொல்வதற்கு வழியே இல்லாத மாதிரி, சொன்னால் வேலை போகிற மாதிரி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பவர்கள், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்களும் தப்ப முடியாது. அந்தக் 'கர்ர்' உங்களுக்கும்தான் கேட்டது. இறங்கும்போது ஒரு ஸ்டாரைக் குறைத்துவிட்டுப் போவது சுலபம். தண்டனை அந்தத் தம்பிக்கு, சத்தம் அடுத்த சவாரிக்கு! 'பிரேக் சத்தம் வருதே தம்பி, ஓனர்கிட்ட சொன்னீங்களா?' என்று கேட்டுவிட்டு, வண்டியின் பிரேக்கைப் பற்றி என்று தெளிவாக நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தினால், அது சரியான காதுக்குப் போய்ச் சேர வழியுண்டு.

மெக்கானிக்குக்கும் ஒரு வார்த்தை. டிஸ்க் நன்றாக இருக்கும்போதே 'டிஸ்க்கும் போச்சு சார்' என்று சொல்லி மாற்றுகிறவர், சில ஆயிரம் ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை வேறொரு மெக்கானிக் உண்மையாகவே 'போச்சு சார்' என்று சொன்னால், 'இவனுங்க எப்பவும் இப்படித்தான்' என்று அந்த வாடிக்கையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு பொய், வரப்போகிற ஓர் உண்மையைச் செவிடாக்கிவிடுகிறது.

குற்றமே செய்யாதவர் பொறுப்பை எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கார் பிறந்த காலத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

1888 ஆகஸ்ட். ஜெர்மனி. கார்ல் பென்ஸ் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை வாங்க ஆள் இல்லை. அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமில் தன் அம்மா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் அது. வழியில் மேடு பள்ளம். பிரேக், சக்கரத்தை அழுத்துகிற வெறும் மரக்கட்டை. இறக்கங்களில் அது தேய்ந்து பிடிப்பு குறைந்தது. பெர்த்தா என்ன செய்தார்? வழியில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் நிறுத்தி, கட்டையின் மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைக்கு நாம் பிரேக் லைனிங் என்கிறோமே, அதன் பாட்டி அந்தத் தோல்துண்டு!

வண்டியை வடிவமைத்தது பெர்த்தா இல்லை. மரக்கட்டை போதும் என்று முடிவு செய்தது அவர் இல்லை. 'இது உங்க அப்பா செஞ்ச வேலை' என்று பிள்ளைகளிடம் புலம்பிவிட்டு அப்படியே ஓட்டியிருக்கலாம். செய்யவில்லை. தேய்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தினார், சரி செய்தார், பிறகு கிளம்பினார். ஊர் திரும்பிய பிறகு, எது எது சரியில்லை என்று கணவரிடம் சொன்னார். மேடு ஏற இன்னொரு கியர் வந்தது அதனால்தான். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பொறுப்பு. அப்புறம்தான் குற்றப் பட்டியல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். யார் குற்றம் என்று தீரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கிறோம்.

இது பிரேக்குக்கு மட்டும்தானா? உங்களுக்கே தெரியும். 'முட்டி லேசா வலிக்குதுடா' என்று அம்மா சொன்னது, பக்கத்து வீட்டில் ராத்திரி கேட்கிற அழுகை, ஆபீஸ் லிஃப்ட் ஒரு மாதிரி குலுங்குவது... எதையும் நாம் உண்டாக்கவில்லை. ஆனால், நம் காதில் விழுந்தது.

தமிழில் 'கேட்பது' என்ற சொல் விசேஷமானது. சத்தம் காதில் விழுவதும் கேட்பதுதான். 'இது என்ன?' என்று விசாரிப்பதும் கேட்பதுதான். 'சொன்ன பேச்சைக் கேள்' என்கிறோமே, அதன்படி நடப்பதும் கேட்பதுதான். மூன்றுக்கும் ஒரே சொல். எஃப்.எம்-மைக் கூட்டியவர் முதலாவதோடு நிறுத்திக்கொண்டு, 'எனக்கு ஒன்றும் கேட்கவில்லை' என்கிறார்.

இன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நடமாட்டம் இல்லாத ஏதாவது நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, எஃப்.எம்-மை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மெதுவாகப் போய் இரண்டு மூன்று முறை பிரேக் பிடியுங்கள். சுவரில் பட்டுச் சத்தம் தெளிவாகத் திரும்பி வரும். ஒன்றும் இல்லையா? சந்தோஷம்.

ஏதாவது கேட்டால், நாளைக்கே மெக்கானிக்கிடம் போய்ச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்வது சரியென்று பட்டால், அதையும் கேளுங்கள். கம்பெனியோடு சண்டையை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.